பிக்கப் பிரமாதம் என்றால் சந்தேகப்படுங்கள்!

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

கொஞ்சம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பெயின்டைப் பார்ப்பீர்கள். டயரைத் தட்டிப் பார்ப்பீர்கள். மீட்டரில் எத்தனை கிலோ மீட்டர் என்று பார்ப்பீர்கள். மீட்டரைத் திருப்பி வைக்கிற மோசடி ஊரறிந்த சங்கதி. ஆகவே அதை நம்பாமல் சர்வீஸ் புத்தகத்தையும் கேட்பீர்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் காலத்துக் காருக்கு மூளை என்று ஒன்று இருக்கிறது. அந்த மூளையில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று கேட்பீர்களா?

கேட்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு ஒரு கார்

திருத்துறைப்பூண்டியில் எனக்குச் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். விவசாயி. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான்.

சித்திக்குச் சிறுநீரகக் கோளாறு. அடிக்கடி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வர வேண்டும். மன்னார்குடி வழியாகப் பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் அந்த அம்மாளுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. வாடகைக் கார் வைத்தால் ஆஸ்பத்திரிச் செலவை விட வாடகை அதிகம்.

மகன் பணம் அனுப்பினான். "பழையதா ஒரு கார் வாங்கிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டான்.

தரகர் ஒருவர் கார் கொண்டு வந்தார். வெள்ளை நிற ஸ்விஃப்ட் டிசையர். 2014ஆம் ஆண்டு வண்டி. டீசல். கோயமுத்தூரில் ஓடியது. கண்ணாடி மாதிரி பளபளத்தது.

ஞாயிற்றுக்கிழமை. நானும் ஊரில் இருந்தேன். "நீ வா தம்பி. படித்தவன். நாலும் தெரிந்தவன்" என்று சித்தப்பா அழைத்துப் போனார். கார் ஓட்டத் தெரியும் என்பதைத் தவிர எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

வேதாரண்யம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஊர் எல்லை தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதித்தேன். அடேயப்பா! கார் பாய்ந்தது. பின் சீட்டில் இருந்த சித்தப்பாவின் துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"பிக்கப் பார்த்தீங்களா சார்? பிரமாதம்! எந்த டிசையரிலும் இந்த இழுவை கிடைக்காது" என்றார் தரகர்.

அவர் சொன்னது முழு உண்மை. எந்த டிசையரிலும் அது கிடைக்காது. கிடைக்கக் கூடாது!

அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். சித்தப்பாதான், "எதற்கும் நம்ம மெக்கானிக்கிடம் ஒரு தரம் காட்டிவிடுவோமே" என்றார்.

மெக்கானிக் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இந்த வண்டி இப்படிப் போகக் கூடாது தம்பி. யாரோ ரீமேப் பண்ணியிருக்காங்க" என்றார்.

டர்போ என்பது என்ன?

ரீமேப் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால், முதலில் டர்போவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொல்லன் உலையில் துருத்தி இருக்கிறது. துருத்தியால் காற்றை ஊதினால் கரி நன்றாக எரிகிறது. டர்போவும் ஒரு துருத்திதான். என்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கிறது. காற்று அதிகமானால் அதிக டீசலை எரிக்கலாம். சிறிய என்ஜினே பெரிய வேலை செய்யும்.

இந்தத் துருத்தியை ஊதுவது யார்? வீணாகப் போகிற புகைதான்! சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை உள்ளே தள்ளுகிறது. இதற்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர்.

அந்தக் குட்டிச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிய சக்கரம். நிமிடத்துக்கு ஒரு லட்சம்! நினைத்தாலே தலை சுற்றுகிறது.

எவ்வளவு காற்று ஊத வேண்டும்? எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும்? எந்த நொடியில் பீய்ச்ச வேண்டும்? இதைத் தீர்மானிப்பது ஒரு சிறிய கம்ப்யூட்டர். மெக்கானிக்குகள் அதை ஈசியூ என்பார்கள். நாம் மூளை என்று வைத்துக்கொள்வோம்.

இன்ன கார்டுக்கு இத்தனை கிலோ அரிசி என்று ரேஷன் கடையில் பட்டியல் இருக்கிறது அல்லவா? அதே போல அந்த மூளைக்குள்ளும் ஒரு பட்டியல் இருக்கிறது. என்ஜின் இன்ன வேகத்தில் சுற்றும்போது, ஆக்சிலேட்டரை இவ்வளவு மிதித்தால், இத்தனை டீசல், இத்தனை காற்று என்று வரிசை வரிசையாக எண்கள்.

அந்த எண்களை அழித்து வேறு எண்களை எழுதுவதுதான் ரீமேப். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுகிற இடம் இருக்கிறது. அங்கே ஒரு வயரைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் செருகினால் பல கார்களில் காரியம் முடிந்துவிடும். சில கார்களில் மூளைப் பெட்டியைக் கழற்றித் திறந்து எழுத வேண்டும்.

டர்போ டீசல் காராக இருந்தால், இப்படி எழுதியே சக்தியை நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு கூட்டிவிடலாம். ஒரு போல்ட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

அப்படியானால் நல்லதுதானே என்று கேட்பீர்கள்.

விதை நெல்லைத் தின்றால்

தரகரும் அதைத்தான் கேட்டார். "கம்பெனிக்காரன் பூட்டி வைச்சிருக்கான் சார். நாம திறந்து விடறோம். அவ்வளவுதான். இதே என்ஜினை வேற காரில் தொண்ணூறு குதிரைன்னு விக்கலையா?" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த டிசையரில் இருப்பது 1248 சி.சி. என்ஜின். ஃபியட் கம்பெனி வகுத்தது. மாருதி, டாட்டா, ஃபியட் மூன்று கம்பெனிக் கார்களிலும் ஓடியது. டிசையரில் அதன் சக்தி 75 குதிரை. வேறு சில கார்களில் 90 குதிரை. இதுவரை தரகர் சொன்னது சரி.

ஆனால் 90 குதிரை வகைக்கு டர்போவே வேறு. இறக்கைகளின் சாய்வு மாறுகிற டர்போ. டிசையரில் இருப்பது சாய்வு மாறாத சாதாரண டர்போ. 90 குதிரைக்கு ஏற்ற டர்போவை வைத்துவிட்டுத்தான் கம்பெனி அந்த எண்ணை எழுதியது. லேப்டாப்காரர் எண்ணை மட்டும் எழுதினார்.

கம்பெனி கொஞ்சம் சக்தியை விட்டு வைப்பதும் உண்மையே. எதற்காக? சித்திரை வெயிலில் ஓட வேண்டும். கலப்பட டீசல் ஊற்றினாலும் ஓட வேண்டும். ஐந்து பேர் ஏற வேண்டிய காரில் எட்டுப் பேர் ஏறி வேளாங்கண்ணிக்குப் போனாலும் ஓட வேண்டும். சொந்தக்காரர் ஆயில் மாற்ற மறந்தாலும் சில மாதம் தாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் சேர்த்து வைத்த கையிருப்பு அது. விதை நெல் மாதிரி. விதை நெல்லைக் குத்திச் சமைத்தால் அன்றைக்குச் சோறு கிடைக்கும். நெல் ஜெயராமன் பாரம்பரிய விதைகளைக் காத்த ஆதிரெங்கம் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தாருக்கு விதையின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கையிருப்பைத் தின்றால் முதலில் அடிபடுவது கிளட்ச். பிறகு டர்போ. பிறகு கியர் பெட்டி. செலவு யாருக்கு? பாய்ச்சலை அனுபவித்தவருக்கு அல்ல. அவரிடமிருந்து வாங்கியவருக்கு!

அந்தக் காலத்தில் சீல் இருந்தது

என்ஜினுக்கு அதிக டீசல் கொடுத்துச் சக்தி ஏற்றுவது புதிய வித்தை அல்ல. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் என்ஜினிலும் இதைச் செய்தவர்கள் உண்டு. லாரிக்காரர்களும் செய்தார்கள். பம்பில் உள்ள திருகைக் கொஞ்சம் திறந்துவிடுவார்கள். கறுப்புப் புகை கக்கிக்கொண்டு என்ஜின் ஓடும்.

ஆனால் லாரிப் பம்பின் திருகுக்குக் கம்பி கட்டி ஈயத்தில் சீல் வைத்திருப்பார்கள். சீல் அறுந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இப்போது திருகும் இல்லை, சீலும் இல்லை. எழுத்தைத்தான் மாற்றுகிறார்கள். அந்த எழுத்து நம் கண்ணுக்குத் தெரியாது. இங்கேதான் ஏழை எளியவர்கள் ஏமாறுகிறார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

மெக்கானிக் எங்களுக்குக் காட்டியதையும், பிறகு நான் விசாரித்து அறிந்ததையும் சொல்கிறேன்.

முதல் பரீட்சை, ஒப்பிட்டுப் பார்ப்பது. அதே கம்பெனி, அதே மாடல், யாரும் கை வைக்காத ஒரு காரை முதலில் ஓட்டுங்கள். உறவினரிடம் இருக்கும், இல்லாவிட்டால் தெரிந்த டாக்சிக்காரரிடம் இருக்கும். அதிலிருந்து இறங்கிய உடனே, வாங்கப் போகிற காரில் ஏறுங்கள். உங்கள் முதுகே சொல்லிவிடும். எங்கள் மெக்கானிக் சொந்தமாக ஒரு டிசையர் வைத்திருந்தார். அதனால்தான் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். செலவில்லாத இந்தப் பரீட்சையே எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது கிளட்ச். மலை நாட்டில் ஏற்றத்தில் ஏற்றிப் பார்ப்பார்கள். நம் தஞ்சைச் சீமையில் மேடு ஏது? ஆற்றுப் பாலத்து ஏற்றம்தான் நமக்கு மலை. பரவாயில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், நான்காவது கியரில், 40 கிலோ மீட்டர் வேகத்தில் போங்கள். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதியுங்கள். என்ஜின் சத்தம் மட்டும் விர்ரென்று ஏறி, வேகம் மெதுவாக ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். ஒரு லட்சம் கிலோ மீட்டர் ஓடிய காரில் அது சகஜம். நாற்பதாயிரத்தில் வழுக்கினால் ஏன் என்று கேளுங்கள். கிளட்ச் மிதியில் எப்போதும் காலை வைத்துக்கொண்டே ஓட்டியிருந்தாலும் அப்படி ஆகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறகு புகை. இருட்டிய பிறகு பாருங்கள். பின்னால் ஒருவரை மோட்டார் சைக்கிளில் விளக்குப் போட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் வேகமாக மிதிக்கும்போது விளக்கு வெளிச்சத்தில் கறுப்புப் புகை மேகம் மாதிரி தெரிந்தால், எரிக்க முடியாத அளவுக்கு டீசல் போகிறது. காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் புகை வரும். ஆகவே முதலில் அதைச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்து வைக்க வடிகட்டி உண்டு. அந்தக் கார்களில் சைலன்சர் வாய் கறுப்பாகவே இருக்கக் கூடாது. வண்டி ஆறிய பிறகு பழைய துணியால் உள்ளே துடைத்துப் பாருங்கள். துணியில் கரி அப்பினால், வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது யாரோ அறுத்து எடுத்திருக்கிறார்கள். அறுத்து எடுத்திருந்தால் மூளையையும் மாற்றி எழுதியிருப்பார்கள். எழுதாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பானெட்டைத் திறந்து பாருங்கள். புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் அனுப்புகிற குழாய் ஒன்று உண்டு. ரீமேப் செய்கிறவர்களில் சிலர் அதை மெல்லிய தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். எங்கள் டிசையரில் மெக்கானிக் அந்தத் தகட்டைத்தான் டார்ச் அடித்துக் காட்டினார். பத்து வருஷத்துப் பழைய என்ஜினில் அது மட்டும் புதுக் காசு மாதிரி மின்னியது.

மூளைப் பெட்டியின் திருகுகளில் கீறல் இருக்கிறதா, மூடியின் ஓரத்தில் புதுப் பசை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலர் மூளையைத் தொடாமல், இடையில் ஒரு சிறு பெட்டியைச் சொருகி அதை ஏமாற்றுவதும் உண்டு. விற்பதற்கு முன் அந்தப் பெட்டியைப் பிடுங்கிவிடுவார்கள். டீசல் குழாயில் மாட்டியிருக்கும் வயரின் கொக்கி உடைந்தோ தளர்ந்தோ இருக்கும்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் தெரியும்.

பழைய தவறுகளை அழித்த பிறகு கார் எத்தனை கிலோ மீட்டர் ஓடியிருக்கிறது என்று பல கார்களில் ஸ்கேனர் காட்டும். இது நல்ல துப்பு. எங்கள் காரில் 14 கிலோ மீட்டர் என்று காட்டியது. அதாவது எங்களுக்குக் காட்டுவதற்குச் சற்று முன்புதான் யாரோ துடைத்திருக்கிறார்கள்! "பாட்டரி மாத்தினோம் சார்" என்றார் தரகர். பாட்டரியைக் கழற்றினால் சில கார்களில் அந்தக் கணக்கு அழியும் என்பதும் உண்மைதான். பாட்டரி பழையதாக இருந்தது என்பது வேறு விஷயம்.

மூளையில் உள்ள பட்டியலுக்கு ஒரு பெயர் எண் உண்டு. சரிபார்ப்பு எண் ஒன்றும் உண்டு. பட்டியலில் உள்ள எண்களையெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக் கடைசியில் வருகிற விடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணை மாற்றினாலும் விடை மாறும். இரண்டையும் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். சில கார்களில் மூளையை எத்தனை தரம் திருத்தி எழுதினார்கள் என்ற கணக்கும் இருக்கும். ஆனால் கம்பெனியே சில சமயம் திருத்தி எழுதுவது உண்டு. ஆகவே எண்ணிக்கை கூடியிருப்பதாலேயே குற்றம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கெட்டிக்காரர்கள் விடையையும் பழையபடியே காட்டும்படி எழுதிவிடுவார்கள். அதை விடக் கெட்டிக்காரர்கள், விற்பதற்கு முதல் நாள் கம்பெனியின் பழைய பட்டியலையே மறுபடி எழுதிவிடுவார்கள். அப்போது எந்த ஸ்கேனரும் ஒன்றும் சொல்லாது. தேய்ந்த கிளட்சும், ஆட்டம் கண்ட டர்போவும்தான் சாட்சி.

உலகத்தையே ஏமாற்றிய எழுத்து

இத்தனை சொல்லியும் முழு நிச்சயம் கிடையாதா என்று சலித்துக்கொள்கிறீர்களா? அமெரிக்க அரசாங்கத்தையே ஏமாற்றிய எழுத்து ஒன்று உண்டு. அந்தக் கதையைக் கேளுங்கள்.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி தன் டீசல் கார்களின் மூளையில் ஒரு தந்திரம் எழுதி வைத்தது. சோதனைச் சாலையில் நிற்கும்போது கார் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். ரோட்டுக்கு வந்ததும் விஷப் புகையை இஷ்டம்போல் விடும். சில சமயம் அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை!

பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக் கழகத்தார் சிலர்தான் கண்டுபிடித்தார்கள். அவர்களில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்ற இரண்டு இந்தியர்களும் இருந்தார்கள். அவர்கள் மூளையைத் திறந்து படிக்கவில்லை. கருவிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். 2014இல் அவர்கள் அறிக்கை வந்தது. 2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. உலகம் முழுவதும் ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில் அந்த எழுத்து இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

இந்தியாவிலும் மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கார்களைத் திருப்பி அழைத்துத் திருத்துவதாக அந்தக் கம்பெனி 2015 டிசம்பரில் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி உச்ச நீதிமன்றம் போயிற்று. கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது.

பெரிய கம்பெனி எழுதினால் என்ன, மூலைக் கடையில் லேப்டாப்காரர் எழுதினால் என்ன? காரை ஓட்டிப் பார்ப்பதுதான் அந்தப் பேராசிரியர்களுக்கும் வழி. திருத்துறைப்பூண்டி மெக்கானிக்குக்கும் அதுதான் வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதி இல்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

மூளையில் உள்ள எழுத்தைப் பற்றி அந்தப் பிரிவு பெயர் சொல்லிப் பேசவில்லை. புகைச் சான்றிதழ் கொடுக்கிற இடத்தில் டீசல் புகையின் கருமையைத்தான் அளக்கிறார்கள். எழுத்தைப் படிப்பதில்லை.

வீடு வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோம். வாங்குபவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் தாமாகவே சொல்லிவிட வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே கட்டளையிடுகிறது. காருக்கு அந்தச் சட்டம் இல்லை. காரும் ஒரு சரக்கு. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில், சில விலக்குகள் தவிர, வாங்குகிறவர்தான் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருகும் சீலும் இருந்த காலத்தில் அது நியாயம். கண்ணுக்கே தெரியாத எழுத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?

ரீமேப் செய்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. கோவைக்காரர்களும் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். செட்டிப்பாளையத்தில் பந்தய மைதானம் வைத்திருக்கிற ஊர் அது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனைத் தந்த ஊர். பந்தயத்துக்கு ஓட்டுகிறவர் தம் காரைத் தம் பொறுப்பில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். அதை மறைத்து விற்பதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

கார் கைமாறும்போது 29, 30 என்ற இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போடுகிறோம். அதில் ஒரே ஒரு வரி சேர்த்தால் என்ன? "என்ஜின் கம்ப்யூட்டரில் கம்பெனி அல்லாதவர் எழுதியது உண்டா, இல்லையா?" என்று ஒரு கேள்வி. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் பிறகு தப்பிக்க முடியாது. அரசாங்கத்துக்கு இதற்குப் பணம் செலவில்லை. மை மட்டும்தான் செலவு.

அந்த வரி வரும் வரையில் நாமே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். "என்ஜினில் மாறுதல் எதுவும் செய்யவில்லை, செய்திருப்பதாகத் தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று இரண்டு வரி. கீழே கையெழுத்து. செய்தவர் பில்லைக் காட்டட்டும். யார் செய்தது, என்றைக்குச் செய்தது, எவ்வளவு ஏற்றியது என்று அதில் இருக்கும். பில்லோடு வருகிற காரை, விலையைக் குறைத்துக் கேட்டு, கம்பெனிப் பட்டியலை மறுபடி எழுதச் சொல்லி வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிட வேண்டும். சொல்லாத மாறுதல் விபத்து நேரத்தில் வழக்கடிக்க இடம் கொடுக்கும்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

எங்கள் காருக்கு என்ன ஆயிற்று?

மெக்கானிக் தகட்டைக் காட்டியதும் தரகர் கோயமுத்தூருக்குப் போன் போட்டார். காரின் சொந்தக்காரர் பேசினார். சித்தப்பாவே கேட்டார்.

"ஆமாங்க ஐயா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரீமேப் பண்ணினேன். பில்கூட எங்கேயோ இருக்கும். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!" என்றார் அவர். குரலில் வஞ்சகம் இல்லை. மரியாதையான மனிதர்.

தவறுகளைத் துடைத்தது யார் என்று கேட்டோம். அவருக்குத் தெரியாது என்றார். தரகர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக் கொடுப்பீங்களா?" என்று சித்தப்பா தரகரிடம் கேட்டார்.

"எழுதறதெல்லாம் எதுக்கு மாமா? வாய் வார்த்தை போதாதா?" என்றார் தரகர்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். நடு ராத்திரியில் சித்தியை ஏற்றிக்கொண்டு மன்னார்குடி ரோட்டில் போகும்போது டர்போ போய்விட்டால் வாய் வார்த்தை வந்து தள்ளுமா?

மூன்று வாரம் கழித்து, உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் பழைய பெட்ரோல் கார் கிடைத்தது. டர்போ இல்லை. பாய்ச்சல் இல்லை. மாட்டு வண்டி மாதிரி போகிறது என்று நான் கேலி செய்தேன். "மாடு தஞ்சாவூருக்குப் போய்ச் சேருதில்லே?" என்றார் சித்தப்பா. சித்தி அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தத் தரகரைப் பார்த்தேன். வெள்ளை டிசையர் விற்றுவிட்டதா என்று விசாரித்தேன்.

"அது அப்பவே போயிடுச்சு சார். முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரர் வாங்கினார். ஓட்டிப் பார்த்ததும் பிக்கப்பில் சொக்கிப் போயிட்டார்" என்றார்.

"அவரிடம் சொன்னீர்களா?" என்றேன்.

"அவர் ஒண்ணும் கேக்கலையே சார்" என்றார்.